சாட்சி ரொட்டி

கப்பல் ரொட்டிக்கு இரண்டு பிறவி. முதல் பிறவியில் அது மற்ற ரொட்டிகளைப் போலத்தான். மெத்தென்று, ஆவி பறக்க, வாசனைக்கே தெருப்பிள்ளைகள் வந்து நிற்கும்படி இருக்கும். அந்தப் பிறவியில் அதற்கு ஆயுசு மூன்று நாள். மறுநாள் அதை விரல் கனத்துக்கு அறுத்துத் தட்டுகளில் பரப்பி, தணிந்த சூட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் காய வைத்தால் மறுபிறவி எடுக்கும். அதன்பிறகு அதற்குச் சாவு கிடையாது, தின்பவன் பல்லுக்குத்தான் சாவு என்று துறைமுகத்தில் சொல்வார்கள்.

முந்நூறு வருஷமாகக் கப்பல் வந்து போகும் துறை அது. அங்கே கடலுக்குப் போகிறவன் மட்டும்தான் அந்த ரொட்டியைத் தின்பான் என்றில்லை. பல் முளைக்கும் பிள்ளை கையில் கொடுப்பதும் அதுதான். பல் போன பெரியவர் சூடான டீயில் ஊறவைத்து உறிஞ்சுவதும் அதுதான். பாரந்தூக்கிகளை ஓட்டுகிறவர்கள் மீன் குழம்பில் தோய்த்துத் தின்றுவிட்டு வேலைக்கு ஏறுவார்கள். ஆனால் கடலில் அதற்கு வேறு மரியாதை. அலை பெரிதானால் படகில் அடுப்பு மூட்ட முடியாது. அரிசி இருந்தும் சோறு இருக்காது. அப்போது ரொட்டிதான் சோறு, ரொட்டிதான் பலகாரம்.

மீன் சந்தைக்குப் பின்புறத் தெருவில் ஒரு ரொட்டிக்கடை. அதை நடத்துகிறவரைத் துறைமுகமே 'காதுக்காரர்' என்று கூப்பிடும். ரொட்டி காய்ந்ததா என்று அவர் காதால் பார்ப்பார். இரண்டு துண்டை எடுத்துக் காதருகே ஒன்றோடொன்று தட்டுவார். ஓடு மேல் ஓடு தட்டினது போலக் 'கிண்' என்றால் மூட்டை கட்டலாம். 'தொப்' என்றால் மறுபடி அடுப்புக்குள் போக வேண்டும். கடித்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு அவர் வைத்திருந்த பதில் ஒன்றுதான்: "கடி ஓரத்தைச் சொல்லும். தட்டு நடுவைச் சொல்லும். படகைக் கவுக்கிறது நடுவுல இருக்கிற ஈரம்தான்."

அவர் மனைவிக்கு மாவக்கா என்று பெயர் வந்துவிட்டது. எப்போது பார்த்தாலும் முழங்கை வரை மாவு. கல்யாண வீட்டில் நகை போட்டுக்கொண்டு நின்றாலும் காதோரத்தில் எங்கேயாவது ஒரு பொட்டு மாவு ஒட்டியிருக்கும். மாவு பிசைவதும் அறுப்பதும் அவள் வேலை. அடுப்பும் காதும் அவர் வேலை. முப்பது வருஷமாக அதில் மாற்றமில்லை.

அந்தக் கடையில் இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு படகுக்கு மூட்டை கட்டும்போது அந்தத் தட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்து, அதே சாக்குத் துணியில் சின்னப் பையாகத் தைத்து, படகின் நிறத்தில் நூல் கட்டி, கடலைப் பார்த்த ஜன்னலில் தொங்கவிடுவார்கள். அதற்குச் சாட்சி ரொட்டி என்று பெயர். படகு படும் ஈரக்காற்றை அதுவும் படவேண்டும். படகு திரும்பி வந்து, கேப்டன் தன் கையால் முறித்துப் பார்த்த பிறகுதான் அதைக் கோழிக்குப் போடுவார்கள். அதுவரை யாரும் தொடக்கூடாது.

தொட்டவள் அவர்கள் மகள். ஏழு மாதக் கர்ப்பிணி. புருஷன் நீலப் படகில் சமையல்காரன். அவன் கடலுக்குப் போய் ஒன்பது நாளாகியிருந்தது. பதினெட்டு நாள் பயணம். வாய்க்கு எதுவும் பிடிக்காமல் கிடந்தவளுக்கு அன்று காலையில், அவர் தின்கிறதையே நானும் தின்றால் என்ன என்று தோன்றிவிட்டது. நீல நூல் கட்டிய பையை அவிழ்த்தாள்.

மாவக்கா மாவுத் தொட்டியில் கையை விட்டிருந்தாள்.

"அம்மா, இங்க பாரேன். இது ஏன் இப்படி வளையுது?"

மாவக்கா திரும்பினாள். மகளின் இரண்டு கைக்கும் நடுவே ரொட்டி முறியாமல் செருப்புத் தோல் மாதிரி வளைந்து நின்றது. வளைந்த இடத்தில் உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது.

"வாயில வச்சியாடி?"

"இல்லம்மா. நாத்தம் அடிச்சுது."

மாவக்கா கையைக் கழுவக்கூட இல்லை. மாவுக்கையோடு அதை வாங்கிப் பார்த்தாள். அந்த ரொட்டி சுட்ட வாரம் நினைவுக்கு வந்தது. விடாத மழை. விறகு நனைந்து புகைந்தது. நீலப் படகின் கேப்டன் வானம் கொஞ்சம் வெளுத்ததும் கிளம்பவேண்டும் என்று அவசரப்படுத்தினார். இருந்தாலும் அவள் புருஷன் வழக்கம்போல ஒவ்வொரு தட்டிலும் இரண்டு துண்டு எடுத்துத் தட்டித் தலையாட்டியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

அவர் அடுப்பின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாம்பல் வாரிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இதை வந்து பாருங்க."

அவர் திரும்பவில்லை. மாவக்காவுக்குக் கோபம் வந்தது. கொஞ்ச மாதமாக அவர் இப்படித்தான். கூப்பிட்டால் பதில் கிடையாது. சொன்னதற்குச் சம்பந்தமில்லாமல் சிரிப்பார். வயசாக ஆக ஆணவம் ஏறுகிறது என்று அவள் நினைத்திருந்தாள். 'செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி' என்று தினம் இரண்டு தரமாவது அவர் முதுகுக்குச் சொல்லியிருப்பாள்.

இப்போதும் அதைச் சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நின்றாள். காலி ரொட்டித் தட்டு ஒன்று பக்கத்தில் இருந்தது. இரும்புத் தட்டு. அதை எடுத்து அவர் முதுகுக்குப் பின்னால் கல் தரையில் போட்டாள்.

பக்கத்துக் கட்டடத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவர் சாம்பல் வாரிக்கொண்டிருந்தார்.

மாவக்கா சுற்றிப் போய் அவர் முன்னால் குந்தினாள். அவர் உடனே அவள் வாயைப் பார்த்தார். முகத்தையல்ல, வாயை. எத்தனை மாதமாக இந்தக் கண் இப்படித் தன் உதட்டுக்கு வந்து நிற்கிறது என்று அவளுக்கு அந்தக் கணத்தில் விளங்கியது.

"எப்பலேர்ந்து?" என்றாள், சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து.

அவர் முகம் சாம்பல் நிறமானது. கரண்டியைக் கீழே வைத்தார்.

"எட்டு மாசமா. முதல்ல ஒரு பக்கம். அப்புறம் ரெண்டும்."

"எங்கிட்டகூடச் சொல்லலியே."

"என்னன்னு சொல்றது? காதுக்காரன் காது போச்சுன்னா?" அவர் சிரிக்கப் பார்த்தார். "தட்டுறப்ப விரல்ல ஒரு அதிர்வு வரும். அதை வச்சே பாத்துட்டேன். ஏழு மாசம் தப்பல. இந்த மழையில விரல் மரத்துக் கெடந்துது. தெரியல."

அவள் வளைந்த ரொட்டியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் நீல நூலைப் பார்த்தார். ரொட்டியைப் பார்த்தார். 

பிறகு அவர் பேசியது அவளுக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை கெட்டிக்காரன், சமாளித்துக்கொள்வான் என்றார். எல்லா மூட்டையும் இப்படி இருக்க வேண்டியதில்லை என்றார். கடைசியில் பயத்தையே சொன்னார்.

"வயர்லெஸ்ல சொன்னா முப்பது படகும் கேக்கும். நாளையிலேர்ந்து ஒரு பய நம்ம படியேற மாட்டான். பிரசவம் வருது. யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுட்டேன். பதினோரு வாயிங்க. அதுல ஒரு வாய் நம்ம வீட்டு வாய்."

"மாப்பிள்ளை இருக்கான்னுதானே…"

"மாப்பிள்ளை இல்லாட்டியும் பதினோரு வாய்தான்."

அதை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டால் அவரிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் மாடியறையில் வயர்லெஸ்காரர் இருந்தார். சாயங்காலம் நாலு மணிக்குக் கடலில் இருக்கும் படகுகளெல்லாம் பெட்டியைத் திறந்து வைக்கும். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். ஒருவர் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். ரகசியமென்று ஒன்று அந்தப் பெட்டியில் கிடையாது. எவன் மனைவிக்கு என்ன குழந்தை என்பது அவனுக்குத் தெரிவதற்கு முன்னால் மற்றவன் வாழ்த்துவான்.

மாவக்கா குடையோடு தனியாகத்தான் போனாள். பை முந்தானைக்குள் இருந்தது. வழி முழுக்க ஒரே வேண்டுதல். 'ஆண்டவனே, சொல்லாம இருக்க என்னால முடியாது. ஆனா என் புருஷனை நாலு பேர் முன்னாடி நானே இறக்கி வைக்கிற மாதிரி பண்ணிடாதே. வேற வழி இருந்தா காட்டு.' வேறு வழி எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினாள்.

"வாங்க மாவக்கா," என்றார் வயர்லெஸ்காரர். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியின் ஒரு கை ஒடிந்து நூலால் காதில் கட்டியிருந்தார். "மாப்பிள்ளை குரலைக் கேக்கணுமா? உங்க மக வரலியா?"

"ஒரு சேதி சொல்லணும் தம்பி."

"நல்ல சேதியா?"

அவள் பதில் சொல்வதற்குள் படியில் கனத்த காலடி கேட்டது. காதுக்காரர் குடையில்லாமல் வந்திருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாம்பல் கரைந்து சட்டையில் கோடு கோடாக இறங்கியிருந்தது.

"நான் பேசுறேன்," என்றார். காது கேளாதவர்களுக்கு வரும் அந்தப் பெரிய குரலில். "நீ சொன்னா கோள் மாதிரி இருக்கும். என் வாயால வந்தாத்தான் சரி."

 வேறு வழி இதுதானா, அப்பனே என்று மாவக்கா நினைத்தாள்.

வயர்லெஸ்காரர் ஒன்றும் புரியாமல் கூப்பிட்டார். "நீலம், நீலம். கரை பேசுது."

இரைச்சலுக்கு நடுவே நீலப் படகின் கேப்டன் குரல் வந்தது. "நீலம் பேசுறேன். எல்லாரும் சுகம். ஒரு குறையும் இல்ல."

வயர்லெஸ்காரர் பேசுகருவியைக் காதுக்காரர் கையில் கொடுத்துக் கட்டைவிரலைப் பொத்தானில் வைத்துவிட்டார்.

"நான் ரொட்டிக்கடைக்காரன் பேசுறேன். உங்களுக்கு நான் குடுத்த ரொட்டி சரியாக் காயல. எனக்குக் காது கேக்காது. எட்டு மாசமா கேக்காது. கேக்குற மாதிரி நடிச்சுக்கிட்டு இருந்தேன். தப்பு என்னுது. சமையல்கார மாப்பிள்ளை மேல யாரும் கோவப்படாதீங்க, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லா மூட்டையையும் பிரிச்சுப் பாருங்க. பச்சை பட்டதைத் திங்காதீங்க. கேக்குற மத்தப் படகுக்காரங்களும் உங்க மூட்டையைப் பிரிச்சுப் பாத்துக்கங்க. அவ்வளவுதான்."

முடித்தும் அவர் பொத்தானை விடவில்லை. விட்டால்தான் மறுபக்கம் பேச முடியும் என்று அவருக்குத் தெரியாதா, விடப் பயமா தெரியாது. வயர்லெஸ்காரர் குழந்தையின் விரலைப் பிரிப்பதுபோல அந்தக் கட்டைவிரலைப் பிரித்தார்.

 பிறகு கேப்டன் பேசினார். முதலில் இருந்த கம்பீரம் குரலில் இல்லை.

"தெரியும்ங்க. அஞ்சாம் நாளே தெரியும். பன்னிரண்டு மூட்டையில ஏழைக் கடல்ல கொட்டிட்டோம். மிச்சத்தை உங்க மாப்பிள்ளை இன்ஜின் மூடி மேல பரப்பிக் காய வச்சுத் தர்றான். ஆளுக்கு நாளைக்கு ரெண்டு துண்டு. அலை அடங்கல. அடுப்பு மூட்ட வழியில்ல."

வயர்லெஸ்காரர் துள்ளியெழுந்தார். "இப்பத்தானேய்யா ஒரு குறையும் இல்லேன்னீங்க! நாலு நாளா வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"வாயில ஒண்ணும் இல்லாததுதானே கஷ்டமே," என்றார் கேப்டன். சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. "இந்தப் பெட்டியில சொன்னா ஊருக்கே கேக்கும். முப்பது வருஷம் நமக்குச் சோறு போட்ட அடுப்பு. இவனோட மாமனார் வேற. அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்றது? இன்னும் ஒன்பது நாளைக் கடத்திடலாம்னு பாத்தோம். நேத்து ஒருத்தன் சுக்கான் புடிச்சபடியே மயங்கி விழுந்தான். அதுக்கப்புறம் எனக்கும் பயம்தான்."

மாவக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டு மானத்துக்காக இவர் மறைக்க, இவர் மானத்துக்காக அவர்கள் பட்டினி கிடக்க. ஒருவர் மேல் ஒருவர் வைத்த பிரியம் நடுவில் உட்கார்ந்து பதினோரு வயிற்றைக் காயப்போட்டிருந்தது.

அப்போது வேறொரு குரல் குறுக்கே விழுந்தது. தொண்டை கட்டிய பருமனான குரல்.

"நீலம், இது மஞ்சள். எங்கய்யா நிக்கறீங்க, இடத்தைச் சொல்லுங்க. நான் அரை நாள் தூரத்துலதான் இருப்பேன். எங்கிட்ட ஆறு மூட்டை இருக்கு. அதுவும் காதுக்காரர் ரொட்டிதான், மழைக்கு முன்னால எடுத்தது. நல்லாக் காஞ்சது. நேத்துத்தான் எனக்கு ஒரு பல்லு போச்சு. காதுக்காரரே, அந்தப் பல்லுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

எங்கெங்கோ இருந்த படகுகளிலிருந்து சிரிப்பு வந்தது. இடம் சொல்லிக்கொண்டார்கள். அதெல்லாம் முடிந்த பிறகு மெலிந்த குரல் ஒன்று கேட்டது.

"அத்தை, நீங்க இருக்கீங்களா? மாமா பக்கத்துல இருக்காரா? அவரு சாப்பிட்டாரா?"

நாலு நாளாக இரண்டு துண்டு ரொட்டியில் இருப்பவன் கேட்கிறான். 

காதுக்காரர் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் குரல் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. அதற்கு உதடு கிடையாது. "என்ன சொல்றாங்க? என்னதான் சொல்றாங்க?" என்றார். அவ்வளவு பேர் கேட்டதில் அவருக்கு மட்டும்தான் ஒன்றும் கேட்கவில்லை.

வயர்லெஸ்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆணியிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டியைக் கழற்றி, கம்பியோடு கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். "இந்தாங்கண்ணே. பிடிச்சுக்குங்க." வேறென்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

காதுக்காரர் பச்சைப்பிள்ளையை வாங்குவதுபோல வாங்கினார். அதன் மேல் தாடையைச் சாய்த்தார்.

"மாமா," என்றான் மாப்பிள்ளை. "ரொட்டி போனாப் போவுது. நீங்க மனசு விடாதீங்க."

அவர் கண் விரிந்தது. "ஏதோ… ஏதோ கேக்குது," என்றார். "வார்த்தை தெரியல. ஆனா அவன் குரல்தான். எலும்புல வருது." பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "முன்னாடி என்ன கேட்டான்?"

"நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டான்."

அவர் பெட்டியை விடாமல் அதன் மேலேயே முகத்தை வைத்து அழுதார். அவர் அழுகை எந்தப் படகுக்கும் போகாதபடி வயர்லெஸ்காரர் பேசுகருவியைத் தள்ளி வைத்தார்.

பயந்தது பொய்யாகவில்லை. மறுநாளே நாலு படகுக்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள். சுமைதூக்குபவர்கள் கடை வாசலைக் கடக்கும்போது காதைக் கையால் குவித்துக் காட்டிச் சிரித்தார்கள். நீலப் படகு ஒன்பது நாள் கழித்துப் பதினோரு பேரோடும் திரும்பியது. மாப்பிள்ளையின் சட்டை அவனுக்கு இரவல் சட்டை மாதிரித் தொங்கியது. கடையில் சாட்சி பார்க்க ஒன்றும் இல்லை. கேப்டன் வந்து காலிப் பையை வாங்கி நீல நூலை மட்டும் அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தார். சுக்கான் பிடித்தபடி மயங்கியவனின் மனைவி சந்தையில் மாவக்காவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைத் தப்பென்று மாவக்கா நினைக்கவில்லை. அன்று சாயங்காலம் ஒரு மெத்தென்ற ரொட்டியைச் சுடச்சுடத் துணியில் சுற்றி அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் துணி மட்டும் மடித்துக் கடைப்படியில் இருந்தது. துவைத்து மடித்திருந்தது.

அடுப்பு பாதி நாள் ஆறிக் கிடந்தது. காதுக்காரர் அடுப்புக்கு முன்னால் வெறுமனே உட்கார்ந்திருப்பார்.

மஞ்சள் படகின் கேப்டன் வந்தது ஒரு வாரம் கழித்து. குரலைப் போலவே ஆளும் பருமன். முன்பல் ஒன்று இல்லை.

"பத்து மூட்டை வேணும் அக்கா. வெள்ளிக்கிழமை கிளம்பறேன்."

மாவக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் தெரிஞ்சுதானே கேக்கறீங்க?"

"தெரிஞ்சுதான். மத்தக் கடைக்காரங்க ரொட்டி கெட்டாச் சொல்லுவாங்களான்னு எனக்குத் தெரியாது. இவரு சொல்வாருன்னு தெரியும்." அவர் குனிந்து குரலைத் தணித்தார். "ஆனா அக்கா, யாராவது தட்டிக் கேக்கணுமே. சும்மா ஏத்திக்கிட்டுப் போக எனக்கும் பதினாலு பேரு இருக்காங்க."

"கேக்கறோம்," என்றாள். எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

புதன்கிழமை பிசைந்தார்கள். வியாழக்கிழமை அறுத்துக் காய வைத்தார்கள். நாலு மணிக்கு முதல் தட்டை மாப்பிள்ளை வெளியே இழுத்தான். மகள் சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாவக்கா இரண்டு துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். கிண் என்றுதான் கேட்டது போலிருந்தது. இல்லை, அப்படிக் கேட்க வேண்டும் என்று தான் ஆசைப்பட்டதால் கேட்டதா? மறுபடி தட்டினாள். முப்பது வருஷம் பக்கத்தில் நின்றும் அந்தக் காது அவளுக்கு வரவில்லை. மாப்பிள்ளை தட்டினான். "சரிதான்னு நினைக்கிறேன், அத்தை," என்றான். நினைப்பதை மூட்டை கட்டிக் கடலுக்கு அனுப்ப முடியுமா?

காதுக்காரர் அவர்கள் வாயைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடையைக் கையில் ஊன்றியிருந்தார்.

மாவக்காவின் கண் அந்தத் தாடையில் நின்றது. பெட்டியில் சாய்ந்த தாடை. எலும்புல வருது.

அவள் ஒரு துண்டை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"கடிக்கிறதா? ஓரம்தானே தெரியும்," என்றார் அவர் சலிப்போடு.

"கடிக்க வேணாம். பல்லுல பிடிங்க. சும்மா பிடிங்க."

அவர் புரியாமல் முன்பற்களுக்கு இடையே அதைப் பிடித்துக்கொண்டார். நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மகள் சிரித்துவிட்டாள், "அப்பா, வாத்து மாதிரி இருக்கீங்க" என்றாள். மாவக்கா சிரிக்கவில்லை. மனசுக்குள் ஒரு தரம் ஆண்டவன் பெயரைச் சொன்னாள். பிறகு இன்னொரு துண்டால் அதன் நடுவில் தட்டினாள்.

அவர் அசையவில்லை.

மறுபடி தட்டினாள்.

அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை அவர் கண்ணை மூடியது யாரையும் வெளியே தள்ளுவதற்காக இல்லை. இன்னும் ஒரு தரம் என்று விரலால் காட்டினார். அவள் தட்டினாள். அவர் நெற்றி சுருங்கியது, தெருக்கோடியில் தெரிந்தவர் யாரோ நடந்து வருவதை உற்றுப் பார்ப்பவர் போல.

அவர் ரொட்டியை வாயிலிருந்து எடுத்தார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"பத்தாது," என்றார். "நடுவுல ஈரம் இருக்கு. உள்ள வைங்க, இன்னும் ஒரு மணி நேரம்."

மாப்பிள்ளை தட்டை அடுப்புக்குள் தள்ளினான். மாவக்கா மஞ்சள் நூலைத் தேடப் போனாள்.